நுங்கம்பாக்கத்துத் தூணும் ஒரு தணிக்கைக்காரனும்

நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் மண்டல வானிலை ஆய்வு மையத்தின் வளாகத்துக்குள் ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. எடை சுமார் 10 டன். எதையும் அது தாங்கவில்லை. மேலே கூரையும் இல்லை, சிலையும் இல்லை. புயல் சின்னம் உருவாகும் நாட்களில் தொலைக்காட்சிக்காரர்கள் மைக்கோடு முண்டியடிக்கிற இடத்திலிருந்து கூப்பிடு தூரம்தான். ஆனாலும் அதைத் திரும்பிப் பார்ப்பவர் அரிது. 1792 என்ற ஆண்டும் மைக்கேல் டாப்பிங் என்ற பெயரும் அதில் செதுக்கப்பட்டிருக்கின்றன. லத்தீனோடு தமிழிலும் தெலுங்கிலும்கூட வாசகம் உண்டு.

நான் மத்திய அரசின் தணிக்கைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு பொருளைப் பார்த்ததும் அதன் அழகு என் கண்ணில் படாது. வவுச்சர் எங்கே என்றுதான் தேடும். இந்தத் தூணைப் பார்த்தபோதும் அப்படித்தான். இதன் மேல் ஒரு காலத்தில் இருந்தது ஒரு சிறு தொலைநோக்கி. வடக்கு தெற்காக மட்டுமே அசையும். ஒரு விண்மீன் உச்சிக்கோட்டைக் கடக்கும் நொடியைக் கடிகாரத்தோடு சேர்த்துக் குறிப்பதுதான் அதன் ஒரே வேலை. அவ்வளவு சிறிய கருவிக்கு 10 டன் கல் எதற்கு, செங்கல்லில் கட்டினால் ஆகாதா, யார் சாங்ஷன் கொடுத்தது என்று கை தானாகக் குறிப்பெழுதப் பார்க்கும். கல் ஏன் அத்தனை கனம் என்பதற்குப் பதில் சுலபம். கருவி மயிரிழை நகர்ந்தாலும் கணக்கு கெட்டுவிடும். ஆனால் விண்மீன் எந்த நொடியில் கடந்தால் என்ன, அதற்கு அரசுப் பணம் ஏன் என்ற கேள்வி அத்தனை சுலபம் இல்லை. ஓய்வு பெற்ற பிறகு கிடைத்த நேரத்தில் அந்தக் கேள்வியின் பின்னால் கொஞ்சம் அலைந்திருக்கிறேன்.

கதை எழும்பூரில் ஒரு தனியார் வீட்டில் தொடங்குகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரி வில்லியம் பெட்ரிக்கு வானியலில் பைத்தியம். 1786 வாக்கில் சொந்தச் செலவில் ஒரு சிறிய வானாய்வகம் வைத்துக்கொண்டார். மூன்று அங்குலத் தொலைநோக்கிகள், வானியல் கடிகாரங்கள், உச்சிக்கோடு கடப்பதைப் பார்க்கும் கருவி. பணம் படைத்த மனிதரின் பொழுதுபோக்கு, தரமான பொழுதுபோக்கு. 1789-ல் அவர் இங்கிலாந்துக்குக் கிளம்பினார். வழக்கமாக இப்படிப்பட்ட கதைகள் அந்த இடத்தில் முடிந்துவிடும்: கருவிகள் பெட்டிக்குள் போகும், கப்பல் ஏறும், இல்லை ஏலத்துக்கு வரும். பெட்ரி கருவிகளைக் கம்பெனிக்கே கொடுத்துவிட்டுப் போனார். அவற்றுள் ஷெல்டன் என்ற லண்டன் கைவினைஞர் செய்த கடிகாரம் இன்றும் கொடைக்கானலில் இருக்கிறது.

கம்பெனி அந்தக் கருவிகளை வாங்கி வைத்துக்கொண்டது அறிவுத் தாகத்தால் என்று நினைத்துவிடக் கூடாது. சோழமண்டலக் கரையில் அன்று சொல்லிக்கொள்ளும்படி ஒரு துறைமுகம் கிடையாது. சென்னையில் கப்பல் தூரத்தில் நங்கூரம் பாய்ச்சும். சரக்கும் ஆளும் மசுலா படகில் அலையைத் தாண்டி வரவேண்டும். கரை எங்கே வளைகிறது, மணல்மேடு எங்கே என்பதற்கு நம்பத்தக்க வரைபடம் இல்லை. கப்பல் நொறுங்கினால் நட்டம் கம்பெனிக்கு. டாப்பிங் இந்தக் கரையைச் சுற்றி அளந்த நில அளவையாளர். கடலில் தீர்க்கரேகை தெரிய வேண்டுமென்றால் கரையில் ஓர் இடத்தின் தீர்க்கரேகை துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும், அதற்கு நிலையான வானாய்வகம் வேண்டும் என்று வாதாடினார். கவர்னர் சார்லஸ் ஓக்லி ஆதரித்தார். வானியல், புவியியல், கப்பலோட்டம் ஆகிய மூன்றையும் வளர்க்க என்று காரணம் எழுதி 1792-ல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் எழுந்தது. மூன்றில் கடைசியாக எழுதியதுதான் பணம் வந்த உண்மையான காரணம். கோப்புகளைப் படித்துப் பழகியவனுக்கு இது தெரியும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஆசியாவில் கணித அறிவியலைப் பிரிட்டிஷ் தாராளம் நட்டு வைத்தது என்பதை ஆயிரம் ஆண்டு கழித்து வருகிறவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்ற பெருமிதம் அந்தத் தூணோடு சேர்ந்து பேசப்பட்டது. தாராளம் யாருடையது? கம்பெனியின் வருமானத்தில் பெரும்பங்கு நிலவரி. வயலில் நெல் விளைவித்தவன் கட்டிய பணம். தூணில் அவன் பெயர் இல்லை. கணக்குப் புத்தகத்தின் வரவுப் பக்கம் முழுவதும் அவன்தான்.

சரி, பணம் அரசுடையதாக இருந்தால் என்ன, நவாபுடையதாக இருந்தால் என்ன? வித்தியாசம் இருக்கிறது. லக்னோவில் அவத் நவாப் 1830-களில் ஒரு வானாய்வகம் கட்டினார். நுங்கம்பாக்கத்தில் இருந்ததைவிட உயர்ந்த கருவிகள். வில்காக்ஸ் என்ற திறமையான அதிகாரி பொறுப்பில் இருந்தார். 1848-ல் அவர் இறந்தார். அடுத்த ஆண்டே ஆட்சியில் இருந்தவர் கதவைச் சாத்திவிட்டார். பல ஆண்டுகள் எடுத்த அளவீடுகள் அச்சேறாமலே அழிந்துபோயின. ஒருவரின் விருப்பத்தில் முளைத்தது இன்னொருவரின் விருப்பமின்மையில் போனது. நுங்கம்பாக்கம் மட்டும் ஏன் தப்பியது? அங்கே அதிகாரி இறந்தால் காலிப் பணியிடம் என்று கோப்பில் ஏறும். அடுத்தவர் வருவார். தாமதமாக வருவார், சம்பளம் பற்றி முறையிட்டுக்கொண்டே வருவார், ஆனால் வருவார். டாப்பிங் 1796-ல் மசூலிப்பட்டினத்தில் இறந்தபோது அப்படித்தான் ஜான் கோல்டிங்ஹாம் வந்தார்.

போகிற போக்கில் டாப்பிங் செய்துவிட்டுப் போன வேலை ஒன்று உண்டு. அளவையாளர்களை இங்கிலாந்திலிருந்து வரவழைப்பது செலவு என்பதால், 1794-ல் எட்டுப் பையன்களை வைத்து ஒரு சர்வே பள்ளி தொடங்கினார். அதுதான் வளர்ந்து கிண்டி பொறியியல் கல்லூரியாக நிற்கிறது. வானாய்வகத்துக்கு ஒப்புதல் தந்த யாரும் பொறியியல் கல்லூரி கேட்கவில்லை.

கோல்டிங்ஹாம் வியாழனின் நிலவுகள் மறையும் நேரங்களை ஆண்டுக்கணக்கில் குறித்து, அதிலிருந்து சென்னையின் தீர்க்கரேகையைக் கணக்கிட்டார். 1802-ல் வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலைக்குப் பக்கத்தில் ஏழரை மைல் அடிக்கோடு அளந்து இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளக்கத் தொடங்கியபோது, கிழக்கு மேற்குக் கணக்கெல்லாம் நுங்கம்பாக்கத்திலிருந்துதான் தொடங்கியது. இமயத்தின் உயரம் வரை போன அந்தப் பெரும் அளவையின் ஒரு முனை இந்தத் தெருவில் இருக்கிறது. பிற்பாடு தந்தி மூலம் நேரத்தை ஒப்பிட முடிந்தபோதுதான் தெரிந்தது, அளவை பயன்படுத்திய சென்னைத் தீர்க்கரேகை பாகைக் கணக்கில் 2 நிமிடம் 27 விநாடி பிசகு என்று. ஆக இந்திய வரைபடம் முழுவதும் ஏறக்குறைய நாலு கிலோமீட்டர் கிழக்கே தள்ளி நின்றிருந்தது. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில்தான் திருத்தினார்கள். பிசகு எல்லா இடத்திலும் ஒரே அளவு என்பதால் அதைக் கழித்துவிட முடிந்தது. ஆளாளுக்கு ஒரு தொடக்கப் புள்ளி வைத்திருந்தால் அதுவும் முடிந்திருக்காது.

கோல்டிங்ஹாமின் இன்னொரு வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் அதற்குச் செலவே இல்லை. புனித ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் தினமும் பீரங்கி வெடிப்பது வழக்கம். அந்த வெடிமருந்து ஏற்கெனவே ராணுவக் கணக்கில் செலவெழுதியாகிவிட்டது. கோல்டிங்ஹாம் 1820, 21-ம் ஆண்டுகளில் வானாய்வகத்து மாடியில் ஆளை நிறுத்தி, பீரங்கியின் பளிச்சைப் பார்த்ததற்கும் சத்தம் காதில் விழுந்ததற்கும் இடையே உள்ள நொடிகளை எண்ணச் சொன்னார். வெப்பம், காற்று, ஈரப்பதம் எல்லாவற்றையும் கூடவே எழுதினார். காற்றில் ஒலியின் வேகம் பருவத்துக்குப் பருவம் எப்படி மாறுகிறது என்பதற்கு அக்காலத்தின் நல்ல அளவீடுகளில் ஒன்று சென்னையிலிருந்து போனது.

மழை அளப்பதும் அங்கே அன்றாட வேலையாகியது. சென்னையின் தொடர்ச்சியான மழைக்கணக்கு 1813-லிருந்து கிடைக்கிறது. 2015 நவம்பரில் ஊர் மூழ்கியபோது, 1918 நவம்பருக்குப் பிறகு இதுதான் அதிகம் என்று செய்தியில் சொன்னார்கள் அல்லவா? அப்படிச் சொல்ல முடிந்தது யாரோ ஒருவர் தினமும் காலையில் போய் ஒரு குப்பியைப் பார்த்து எண்ணை எழுதியதால்தான். அந்த எழுத்தரை எந்த வரலாற்றிலும் காண முடியாது. சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்திருப்பார்.

ரயிலுக்கும் சென்னைதான் மணி சொன்னது. கல்கத்தாவுக்கு ஒரு நேரம், பம்பாய்க்கு ஒரு நேரம் என்று இருந்த நாட்டில், நடுவாந்தரமாக இருந்த சென்னை நேரத்தை ரயில்வேக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1906-ல் இந்திய நேரம் வந்தது. பழைய சென்னை நேரத்துக்கும் அதற்கும் வித்தியாசம் ஒன்பது நிமிடம்தான்.

அடுத்து வந்தவர்களை வேகமாகத் தாண்டிவிடுகிறேன். டெய்லர் 11,015 விண்மீன்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். தென்வானத்தைப் பார்க்கிறவர்களுக்கு அது வெகுகாலம் கைப்புத்தகம். ஜேக்கப் 1855-ல் ஒரு தொலைதூர விண்மீனைச் சுற்றிக் கோள் இருக்கலாம் என்று அறிவித்தார். இல்லை என்று பிறகு தெரிந்தது. வேறு சூரியனைச் சுற்றும் கோளைத் தேடுவது இன்று பெரிய துறை. அந்தத் துறையின் முதல் பொய் நம்பிக்கைகளில் ஒன்று நுங்கம்பாக்கத்தில் பிறந்தது என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

நின்று பார்க்க வேண்டியவர் நார்மன் போக்சன். விண்மீன்களின் பிரகாசத்தை அளக்க இன்றும் உலகம் பயன்படுத்தும் அளவுகோலை 1856-லேயே முன்மொழிந்தவர். 1861 பிப்ரவரியில் சென்னைக்கு வந்தார். ஏப்ரலிலேயே ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியாவிலிருந்து கண்டுபிடித்த முதல் சிறுகோள் என்பதால் அதற்கு ஆசியா என்றே பெயர் வைத்தார். முப்பது ஆண்டுகள் இங்கேயே இருந்து 1891-ல் இறந்தார். திறமைக்குக் குறைவில்லை, கருவியும் நல்ல கருவி. ஆனால் ஆள் இல்லை. அனுப்புவதாகச் சொன்ன ஆங்கில உதவியாளர் வரவே இல்லை. வானிலைக் கணக்கு, நேரக் கணக்கு, கடிதப் போக்குவரத்து எல்லாம் அவர் தலையில். மகள் ஐசிஸை 150 ரூபாய் சம்பளத்தில் கணக்கிடுபவராகச் சேர்த்துக்கொண்டார். 1862 முதல் 1887 வரை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களின் இடங்களை அளந்தார்கள். அளந்ததை ஒழுங்குபடுத்தி அச்சுக்குத் தர ஆள் இல்லை. பெரும்பகுதி அவர் இறந்த பிறகுதான் தொகுதிகளாக வெளிவந்தது. அதற்குள் ஐரோப்பாவில் புகைப்படத் தட்டு வந்து, பழைய அளவீடுகளின் மவுசு குறைந்துவிட்டது.

தணிக்கையில் நாங்கள் அதிகம் எழுதுவது வீண் செலவைப் பற்றி. கருவிக்கு லட்சம் கொடுத்துவிட்டு ஆளுக்குச் சில நூறு மறுத்து மொத்தத்தையும் பாதிப் பயனில் நிறுத்துகிற சிக்கனத்தைப் பற்றி எழுத எங்களுக்குச் சரியான படிவம் கிடையாது. போக்சனின் முப்பது ஆண்டுகள் அந்த வகைச் செலவு.

அவரோடு வேலை செய்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி பஞ்சாங்கம் கணிக்கும் குடும்ப மரபில் வந்தவர். 1840-களில் வானாய்வகத்தில் கீழ்மட்டத்தில் சேர்ந்து முதல் உதவியாளர் ஆனார். 1867-ல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். ராயல் வானியல் கழகத்தின் உறுப்பினரான முதல் இந்தியர் அவர். 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்துக்குப் போக்சன் மசூலிப்பட்டினம் போனார். ஆச்சாரி வனபர்த்தியில் இன்னொரு குழுவை நடத்தினார். குண்டூரில் பிரெஞ்சுக்காரர் ஜான்சென். அந்தக் கிரகணத்தில்தான் சூரியனின் நிறமாலையில் எந்தப் பூமித் தனிமத்தோடும் பொருந்தாத ஒரு மஞ்சள் கோடு பிடிபட்டது. போக்சனும் அது சோடியத்தின் கோட்டோடு சரியாகப் பொருந்தவில்லை என்று எழுதி வைத்தார். அவருடைய குறிப்பு சென்னை அரசின் அறிக்கையாக அச்சாகி, படிக்க வேண்டியவர்கள் கைக்குப் போகாமல் நின்றது. அந்தக் கோட்டின் சொந்தக்காரனுக்கு லண்டனில் ஹீலியம் என்று பெயர் வைத்தார்கள். பூமியில் அது கிடைக்க 1895 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இன்று மருத்துவமனையில் எம்ஆர்ஐ எடுக்கும்போது இயந்திரத்தின் காந்தத்தைக் குளிர வைப்பது திரவ ஹீலியம். கிருஷ்ணா டெல்டாவில் கூடாரம் அடிக்க 1868-ல் போட்ட பயணப்படிக் கணக்கில் யாராவது எம்ஆர்ஐ என்று நியாயம் எழுதியிருக்க முடியுமா?

1874-ல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, அது என்ன, ஏன் முக்கியம் என்று பொதுமக்களுக்கு விளக்கும் சிறு நூலை ஆச்சாரி இந்திய மொழிகளிலும் வெளியிட்டார். நம்மவர்களே நடத்தும் நவீன வானாய்வகம் ஒன்று வேண்டும், அதற்குச் செல்வந்தர்கள் பணம் தர வேண்டும் என்றும் கேட்டுப் பார்த்தார். கோயில் கோபுரத்துக்கும் சத்திரத்துக்கும் அள்ளிக் கொடுத்த கைகள் இதற்கு நீளவில்லை. 1880-ல் அவர் காலமானார்.

இதற்கிடையில் பஞ்சம் வந்தது. 1876 முதல் 78 வரை. தாது வருஷப் பஞ்சம் என்று எங்கள் பாட்டிமார் சொன்னது. இறந்தவர்கள் சுமார் 55 லட்சம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. அப்போது செலவைக் கட்டுப்படுத்த வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு சிறு காசும் போதும் என்று நிர்ணயித்தார். சென்னையின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், இந்த அளவில் மனிதன் மண் வெட்ட முடியாது, மெலிந்து சாவான் என்று எழுத்து மூலம் சண்டை போட்டார். சில மாதங்களில் கூலியை உயர்த்த வேண்டியதாயிற்று. தானியத்தை அவுன்சுக் கணக்கில் நிறுத்துக் கொடுத்த அந்த நிர்வாகத்தின் கோப்புகளைப் படிக்கும்போது எனக்கு என் தொழிலின் மேலேயே வெறுப்பு வரும்.

அதே நிர்வாகத்தில்தான் வேறொரு யோசனையும் ஓடியது. அரசின் புள்ளியியல் தலைவர் ஹன்டர், நுங்கம்பாக்கத்து மழைக்கணக்கை 1813 முதல் எடுத்து வைத்துக்கொண்டு, சூரியப் புள்ளிகள் பதினொரு ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் குறைவதற்கும் சென்னை மழைக்கும் தொடர்பு இருக்கிறது என்று 1877-ல் எழுதினார். புள்ளி குறைந்தால் மழை குறையும், பஞ்சம் வரும். உண்மையானால் எவ்வளவு பெரிய விஷயம்! பஞ்சத்தைப் பத்தாண்டு முன்பே காலண்டரில் குறித்துவிடலாம். லண்டனில் வானியலாளர் நார்மன் லாக்கியர் இதைத் தூக்கிப் பிடித்தார். பஞ்ச விசாரணையும் சூரியனைத் தொடர்ந்து கவனிப்பதன் பக்கம் கைகாட்டியது. வானிலைத் துறையிலேயே பலர் நம்பவில்லை. ஆனாலும் கோப்பு நகர்ந்தது. வானியலாளர் மிச்சி ஸ்மித் பழனி மலையிலும் நீலகிரியிலும் வானம் எங்கே தெளிவு என்று பார்த்துவந்தார். 1895-ல் கொடைக்கானலில் அடிக்கல் நாட்டினார்கள். 1899-ல் நுங்கம்பாக்கத்து வானியல் மலையேறியது. கீழே வானிலை மட்டும் மிஞ்சியது.

ஹன்டரின் கணக்கு தேறவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். 1904-ல் இந்திய வானிலைத் துறைக்குத் தலைவராக வந்த கில்பர்ட் வாக்கர் ஒரு கணித வல்லுநர். அவர் உலகம் முழுவதும் இருந்து வந்த வானிலை எண்களை இந்திய எழுத்தர்கள் பலரை உட்கார வைத்துக் கணக்குப் போடச் செய்தார். சூரியப் புள்ளிக்கும் மழைக்கும் உள்ள தொடர்பு மெலிது என்று தெரிந்தது. ஆனால் அந்த எண்களின் குவியலிலிருந்து எதிர்பாராத வேறொன்று எழுந்து வந்தது: பசிபிக் பெருங்கடலின் ஒரு பக்கம் காற்றழுத்தம் ஏறும்போது இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது, அந்த ஊசலுக்கும் நம் பருவமழைக்கும் தொடர்பு உண்டு. எல் நினோ ஆண்டு என்று இன்று விவசாயிகூடப் பேசுகிறாரே, அதன் ஒரு பாதி வாக்கர் கண்ட இந்த ஊசல்தான். 1876-ல் மழை ஏன் பொய்த்தது என்ற கேள்விக்கும் விடை அந்தப் பக்கம்தான் கிடந்தது.

அப்படியானால் கொடைக்கானல் வீணா? 2,343 மீட்டர் உயரத்தில், எதை நிரூபிக்கக் கட்டினார்களோ அது பொய்த்துவிட்ட ஒரு நிலையம். தணிக்கைக் குழு 1908-ல் போயிருந்தால் மூடச் சொல்லியிருக்கும், அதற்கு வலுவான காரணமும் இருந்திருக்கும். 1907-ல் அங்கே ஜான் எவர்ஷெட் வந்து சேர்ந்திருந்தார். 1909 ஜனவரியில் சூரியனின் விளிம்பை ஒட்டியிருந்த புள்ளிகளின் நிறமாலையைப் படம் எடுத்தபோது, கோடுகள் லேசாகச் சாய்ந்திருப்பதைக் கண்டார். புள்ளியின் வெளிவளையத்தில் வாயு மையத்திலிருந்து வெளிநோக்கி நொடிக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்பதே அதற்குப் பொருள். உலகப் பாடப்புத்தகங்களில் அதற்கு எவர்ஷெட் விளைவு என்று பெயர். அவர் மனைவி மேரியும் வானியலாளர். கணவருடன் சேர்ந்து சூரியனின் தழல்நாக்குகளை ஆராய்ந்தார். கொடைக்கானல் குளிரில் உட்கார்ந்து தாந்தேயின் காவியத்தில் வரும் வானியலைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். அந்தப் பட்ஜெட்டில் அதற்குத் தலைப்பே கிடையாது.

ஆனால் என் கணக்கில் கொடைக்கானலின் பெரிய சொத்து எவர்ஷெட் விளைவு இல்லை. அங்கே ஏரியைத் தாண்டி மேலே ஏறிப் போனால் அப்சர்வேட்டரி வரும். ஊர்க்காரர்களுக்கு அது பேருந்து நிற்கும் இடத்தின் பெயர். உள்ளே வரிசை வரிசையாகக் கண்ணாடித் தட்டுகள். 1904 தொடங்கி, வானம் தெளிந்திருந்த நாளெல்லாம் எடுத்த சூரியனின் படங்கள். சாதாரண வெள்ளொளியில் ஒன்று, கால்சியத்தின் ஊதா ஒளியில் ஒன்று, 1912 முதல் ஹைட்ரஜனின் சிவப்பு ஒளியில் ஒன்று. இரண்டு உலகப்போர், சுதந்திரம், அவசரநிலை எல்லாம் கடந்து ஓடியிருக்கிறது. வெள்ளொளிப் படம் எடுக்கிற தொலைநோக்கி 1850-ல் சென்னைக்கு வாங்கியது. 1898-ல் அதைச் சூரியனைப் படம் எடுக்கத் தக்கதாக மாற்றியமைத்தார்கள். அரசுக் கணக்கில் காலாவதியான கருவியைக் கழித்துக்கட்டிப் பழைய இரும்புக்குப் போட விதி உண்டு. யாரோ ஒரு புண்ணியவான் அந்த விதியை மறந்திருக்கிறார்.

ஒரே சூரியன், ஒரே இடம், ஏறக்குறைய ஒரே கருவி, நூறு ஆண்டுக்கு மேல். உலகில் இப்படிப்பட்ட தொடர் விரல் விட்டு எண்ணக்கூடியவைதான். சூரியச் சுழற்சி பத்துக்கு மேல் அதில் அடங்கியிருக்கிறது. இப்போது தட்டுகளை எல்லாம் கணினிக்கு மாற்றியிருக்கிறார்கள். சூரியனின் காந்தம் நூறாண்டில் எப்படி நடந்துகொண்டது என்று ஆராய்கிறவர்கள் பல நாடுகளிலிருந்து அதை எடுத்துப் பார்க்கிறார்கள். 1925-ல் ஒரு செவ்வாய்க்கிழமை காலை எடுத்த தட்டால் அந்த ஆண்டில் யாருக்கும் எந்தப் பலனும் இல்லை. செயற்கைக்கோள்களும் மின்கட்டமைப்பும் சூரியப் புயலில் அடிபடும் காலம் வந்த பிறகுதான் அதற்கு விலை ஏறியது. மூன்று ஆண்டில் லாபம் கேட்கிற எந்த முதலீட்டாளரும் அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பணம் தரமாட்டார். ஐந்து ஆண்டுத் திட்டத்துக்கும் அது சற்றே நீளம்.

1960-ல் கொடைக்கானல் பொறுப்புக்கு வந்தவர் வேணு பாப்பு. தெளிந்த இரவு வானம் தேடி ஜவ்வாது மலையில் காவலூரைக் கண்டுபிடித்தார். அங்கே முதலில் வைத்தது சொந்தப் பட்டறையில் செய்த 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி. பிறகு வந்த ஒரு மீட்டர் தொலைநோக்கியில் 1977-ல் யுரேனஸின் வளையங்கள் ஒரு விண்மீனை மறைத்ததைப் பதிவு செய்தார்கள். அவர் கனவு கண்ட 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986-ல் இயங்கியபோது அவர் உயிரோடு இல்லை. அவர் பெயர் இருந்தது. கொடைக்கானல் 1971-ல் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் என்ற தன்னாட்சி அமைப்பானது, தலைமை பிறகு பெங்களூருக்குப் போனது. திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் தும்பாவில் 1963 நவம்பர் 21-ல் முதல் ராக்கெட் பறந்ததற்கு அங்கே காந்த நடுக்கோடு போவதுதான் காரணம். அந்தக் கோட்டின் அருகிலேயே இருக்கும் கொடைக்கானலிலும் பூமிக் காந்தத்தை அளக்கும் வேலை நடந்தது. இதெல்லாம் எல்லோருக்கும் ஓரளவு தெரிந்த கதை.

ஏழை நாட்டுக்கு ராக்கெட் எதற்கு என்று டீக்கடையில் கேட்பவரை நான் ஒருபோதும் இளக்காரமாகப் பார்ப்பதில்லை. வரி கட்டுகிறவன் கேட்கத்தான் வேண்டும். தாது வருஷத்தை நினைத்தால் அந்தக் கேள்விக்கு உறைப்பே கூடுகிறது. ஆனால் 1877-ல் தானியத்தை வெட்டியது வானாய்வகத்துக்குப் பணம் போனதால் இல்லை. நிவாரணச் செலவையே பாவமாகப் பார்த்த கொள்கையால் வெட்டினார்கள். இன்றைக்கும் இந்தியா ஆராய்ச்சிக்கு எல்லா வகையிலும் சேர்த்துச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம்தான், இதைப் பறித்துக் கொடுத்தால் பசி தீரும் என்பது கணக்குப் பார்க்காதவர் வாதம். ராக்கெட் புறப்படும் நாளில் கைதட்டிவிட்டு, அடுத்த நாளே பழைய ஆய்வகத்தில் ஓய்வு பெற்றவரின் இடத்தை நிரப்ப மறுக்கிறோமே, என் கவலை அது. போக்சனுக்கு வராத உதவியாளர் இன்றும் பல இடங்களில் வந்துசேரவில்லை.

2023 செப்டம்பர் 2-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஆதித்யா எல்-1 கிளம்பியது. திட்ட இயக்குநர் செங்கோட்டைக்காரர் நிகர் ஷாஜி. பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, கிரகணமும் மேகமும் மறைக்காத இடத்திலிருந்து சூரியனைப் பார்க்கிறது. அதன் முக்கியக் கருவியான சூரிய ஒளிவட்டம் பார்க்கும் கருவியைச் செய்தது, கொடைக்கானலை நடத்தும் அதே நிறுவனம். இனி மலை மேல் மேகம் கலையக் காத்திருந்து தினமும் படம் எடுப்பது இரட்டைச் செலவுதானே என்று பணியில் இருக்கும் ஒரு தணிக்கைத் தம்பி என்னிடம் கேட்டார். நியாயமான பாரா, நானும் எழுதியிருப்பேன். விண்கலத்துக்கு ஆயுள் சில ஆண்டுகள். அதன் கண் வேறு, அது பார்க்கும் ஒளி வேறு. 1904-ன் தட்டை அதன் பக்கத்தில் அப்படியே வைத்துச் சூரியன் மாறியிருக்கிறதா, கருவி மாறியிருக்கிறதா என்று சொல்ல முடியாது. சொல்ல வேண்டுமானால் பழையதும் புதியதும் சில ஆண்டுகள் ஒரே சூரியனைச் சேர்ந்து பார்த்திருக்க வேண்டும். அந்தச் சில ஆண்டுகளின் செலவைத்தான் நிதித்துறையின் பேனா எப்போதும் முதலில் தேடும் என்று தம்பியிடம் சொன்னேன்.